கப்பலேறும் பிள்ளைக்குக் கட்டுச்சோறு

அயல்நாட்டு இளைஞர் பரிமாற்றப் பயணத்திற்குத் தமிழ்ப் பிள்ளை ஒருவன் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டால், வீட்டில் எழும் முதற்கேள்வி, "என்ன உடுத்திக்கொண்டு போவாய்?" என்பது. அடுத்த கேள்வி, "மேடையில் என்ன ஆடுவாய்?" என்பது. பெண்பிள்ளையாயின் இவ்விரண்டுக்கும் முன்னதாக, "போகத்தான் வேண்டுமா?" என்னும் கேள்வி எழும். உற்றார் கேட்கும் இக்கேள்விகளையே படிப்பித்த ஆசிரியரும் கேட்கிறார். மாலையிட்டு வழியனுப்பும் இயக்கத் தலைவரும் கேட்கிறார். "அங்கே இருப்பவரிடம் நீ என்ன கேட்பாய்? அவர் உன்னைக் கேட்டால் என்ன விடை சொல்வாய்?" என்று கேட்பவரைக் காண்பதுதான் அரிதாக இருக்கிறது.

பெட்டி மட்டும் நிறைந்துவிடுகிறது. பட்டு வேட்டி, சரிகைச் சேலை, சலங்கை, நெற்றிச்சுட்டி, சிறு குத்துவிளக்கு, பதிவு செய்த பாட்டு, அன்பளிப்பாக வழங்குவதற்கென வாங்கிய சாவி வளையங்கள் ஆகிய எல்லாம் ஒழுங்காக அடுக்கப்பட்டுவிடுகின்றன. முன்னாளில் நெடுவழி செல்வார்க்குப் புளிச்சோறு கட்டிக் கொடுப்பது தமிழர் வழக்கம். வழியில் பசித்தால் அது உதவும். உடன் வருவாரோடு பகிர்ந்துண்ணவும் உதவும். இன்று கப்பலேறும் பிள்ளைக்கு ஒப்பனை செய்து அனுப்புவார் பலர் இருக்கின்றனர். கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பார் இல்லை.

எடுத்துக்காட்டாகத் தென்கிழக்காசிய இளைஞர் கப்பல் திட்டத்தைக் கொள்ளலாம். மலேசியர்க்கும் சிங்கப்பூரர்க்கும் அது புதிதன்று. 1974ஆம் ஆண்டில் ஜப்பானும் அந்நாளில் ஆசியானில் இருந்த ஐந்து நாடுகளும் சேர்ந்து அதனைத் தொடங்கின. புருணை, வியட்நாம், லாவோஸ், மியன்மார், கம்போடியா ஆகியவை பின்னர் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பதினெட்டு முதல் முப்பது வயதிற்கு உட்பட்டோர் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். நிப்போன் மாரு என்னும் கப்பற்பெயர் அத்திட்டத்தோடு நெடுங்காலம் ஒட்டி நின்றது. வாரக்கணக்கில் ஒரே கப்பலில் உண்டு உறங்கி, துறைமுகந்தோறும் இறங்கி, அவ்வவ்வூர்க் குடும்பங்களில் இரண்டு மூன்று நாள் தங்கி மீள்வதே அதன் நடைமுறை. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்று வந்து அப்பயணத்தைத் தடுத்தது. அதற்கு முன்னர், ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம், ஆண்டுதோறும் சில நூறு இளைஞர் இவ்வாறு கடலில் ஒருவரோடொருவர் பழகினர்.

இத்திட்டம் பிறந்த சூழலை அறியாமல் அதில் ஏறுவது, மணவீட்டிற்குப் போய் மணமக்கள் யாரென்று கேளாமல் சாப்பிட்டு வருவதைப் போன்றது. 1974 ஜனவரியில் ஜப்பானியப் பிரதமர் காக்குவே தானாக்கா ஐந்து ஆசியான் நாடுகளுக்கும் வருகை புரிந்தார். பேங்காக்கில் மாணவர்கள் எதிர்ப்புக் கொடி பிடித்தனர். ஜகார்த்தாவில் ஜனவரி 15ஆம் நாள் கலவரமே மூண்டது. ஜப்பானிய வாகனங்கள் தெருவில் எரிந்தன. போர் முடிந்து முப்பது ஆண்டு ஆகாத காலம் அது. முன்பு துப்பாக்கியோடு வந்தவர்கள் இப்பொழுது வானொலிப் பெட்டியோடும் மோட்டார் வண்டியோடும் வருகிறார்கள் என்னும் ஐயம் பலர் நெஞ்சில் இருந்தது. அப்பயணத்தின்போது வெளியான கூட்டறிக்கைகளிலிருந்துதான் இளைஞர் கப்பல் உருக்கொண்டது. மூன்றாண்டு கழித்து, 1977 ஆகஸ்டில், பிரதமர் தாக்கியோ ஃபுக்குடா மணிலாவில் பேசியபொழுது, பொருளுறவு மட்டும் போதாது, உள்ளம் உள்ளத்தோடு பேசும் உறவு வேண்டும் என்னும் கருத்தை ஜப்பானின் கொள்கையாகவே அறிவித்தார். ஆக, சினத்தின் நடுவே, ஒரு பழைய புண் இன்னும் ஆறவில்லை என்னும் உணர்வோடு தோன்றிய திட்டம் இது. அத்தகைய கப்பலில் ஏறி, ஆடிப் பாடிப் படம் பிடித்துக்கொண்டு இறங்கி வருவது அத்திட்டத்தை நடத்தியவர்க்கும் மரியாதை ஆகாது. ஏறியவர்க்கும் பயன் ஆகாது.

கலை நிகழ்ச்சியை இகழ்வதா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். கலையை இகழ்வார் யாரும் இல்லை. ஆடுபவளுக்கே விளங்காத ஆட்டத்தைத்தான் இங்குக் குறை சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று வாரத்தில் அவசரமாகப் பழகிய ஓர் ஆட்டத்தை முடித்துவிட்டு மேடையை விட்டு இறங்கும் பெண்ணிடம், அயல்நாட்டுத் தோழி வந்து, "அந்தக் கை அசைவுக்கு என்ன பொருள்? அந்தப் பாட்டு யாரைப் பற்றியது?" என்று கேட்கிறாள். இவளுக்குத் தெரியாது. சிரிக்கிறாள். அவளும் சிரிக்கிறாள். அங்கேயே அந்த உறவு முடிந்துவிடுகிறது. கைதட்டியவர்க்கும் ஆடியவர்க்கும் நடுவே இருக்கும் தொலைவு கைதட்டலால் குறைவதில்லை. மேடையின் இயல்பே அதுதான். ஒருவர் மேலே நிற்க, மற்றவர் கீழே அமர்ந்து பார்க்க வேண்டும்.

தமிழரிடம் மேடை வேண்டாத ஆட்டங்களும் உண்டு. கும்மிக்கு வட்டம் போதும். கோலாட்டத்திற்கு ஆளுக்கு இரண்டு கோல் போதும். பார்த்துக்கொண்டிருப்பவரைக் கைபிடித்து இழுத்து வட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம். தாளம் தவறினால் கோல் விரலில் படும். விரலில் பட்டால் இருவரும் சிரிப்பர். அந்தச் சிரிப்பு முன்னே சொன்ன சிரிப்பு அன்று. ஜப்பானியரின் போன் ஓடோரியும் இவ்வாறே வட்டமிட்டு ஆடுவது, யாரும் புகுந்து ஆடத்தக்கது. சிலாங்கூரில் ஷா ஆலாமில் அவ்விழா நடந்தபொழுதெல்லாம் பல இனத்தாரும் திரளாகச் சென்று வட்டத்தில் நின்று ஆடியதை அறியாதார் இல்லை. இறந்துபோன முன்னோர் வீடு திரும்பும் காலம் என்று ஜப்பானியர் கருதும் ஓபோன் நாள்களை ஒட்டி எழுந்தது அந்த ஆட்டம். முன்னோர்க்குப் படையலிட்டு, தலைவாழை இலையில் அவர்க்குப் பிடித்ததைப் பரிமாறிக் காத்திருக்கும் தமிழ் வீட்டுப் பெண்ணுக்கு, இதைக் கேட்டதும் எத்தனை சொல்லத் தோன்ற வேண்டும்! படையல் ஏன் இடப்படுகிறது என்று அவளுக்கு வீட்டில் யாரேனும் சொல்லியிருந்தால் அல்லவா சொல்லத் தோன்றும்?

நட்பு பிறக்கும் இடம் வேறு. கப்பலில் ஓர் அறையில் வெவ்வேறு நாட்டினர் சேர்ந்து தங்குவது வழக்கம். தென்சீனக் கடல் கொந்தளிக்கும் இரவில் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பிள்ளை தலைசுற்றிக் கிடக்கிறான். தமிழ்ப் பிள்ளை தன் பெட்டியைத் துழாவி, அம்மா வைத்தனுப்பிய கோடாலித் தைலத்தை எடுத்து அவன் நெற்றிப்பொட்டில் தேய்க்கிறான். உப்பிட்ட ஆசாம் போய் ஒன்றை வாயில் இட்டுக்கொள்ளச் சொல்கிறான். விடிந்ததும் அவ்விருவரும் நண்பர்கள். சரிகை வேட்டியை எண்ணி எண்ணி அடுக்கியவர்கள் தைலத்தை ஒரு பொருளாகவே கருதியிருக்கமாட்டார்கள். தாய் ஒருத்தி மட்டும் அதை நினைத்தாள்.

நோய் தெளிந்த பின் பேச்சுத் தொடங்குகிறது. எளிய கேள்விகளே வருகின்றன. கழுத்தில் தொங்கும் பெயரட்டையைப் பார்த்து, "உன் பெயரின் நடுவே ஏதோ இரண்டு எழுத்து, கோடு போட்டு இருக்கிறதே, அது என்ன?" என்று ஜப்பானியப் பிள்ளை கேட்கிறான். மலேசிய இந்தியர் பெயர்களின் இடையே வரும் 'ஏ/எல்' என்னும் குறியைத்தான் கேட்கிறான். 'இன்னாரின் மகன்' என்பதற்கான மலாய்ச் சொற்களின் சுருக்கம் அது என்றும், தமிழரிடம் குடும்பப்பெயர் என்று பொதுவாக ஒன்று இல்லை என்றும், தந்தையின் பெயரே பிள்ளைக்கு முன்னொட்டாகும் என்றும் விளக்கினால், அவன் வியப்பான். ஜப்பானில் குடும்பப்பெயரே முன்னால் வரும்; மணமான இருவரும் ஒரே குடும்பப்பெயரைக் கொள்ள வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். பெரும்பாலும் மனைவியே தன் பெயரை விடுகிறாள். அருகில் இருக்கும் இந்தோனேசியப் பிள்ளைக்கோ ஒரே ஒரு பெயர்தான் இருக்கக்கூடும். குடும்பப்பெயரும் இல்லை, தந்தை பெயரும் இல்லை. ஒரு பெயரட்டையை வைத்துக்கொண்டு, குடும்பம் என்பது என்ன, பெண் யாருக்கு உரியவள், பெயரை விடுவது இழப்பா இயல்பா என்று நள்ளிரவு வரை பேசலாம். இதற்கு வேண்டிய முதலீடு யாதெனில், தன் பெயர் ஏன் அப்படி எழுதப்படுகிறது என்று தெரிந்திருப்பதே. மேல்நிலைப் பள்ளி முடித்த தமிழ் மாணவர் பலருக்கு அது தெரியவில்லை என்பது வருந்தத்தக்கது.

இவ்விடத்தில் வேறொரு வகையாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவர்கள் ஏதும் அறியாதவர்கள் அல்லர். ஒன்றே ஒன்றை அறிந்தவர்கள். ஜப்பானியரைக் கண்டவுடனே, "உங்கள் மொழி எங்கள் தமிழிலிருந்து வந்தது, தெரியுமா?" என்று தொடங்கிவிடுவார்கள். பேராசிரியர் சுசுமு ஓனோ ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று கருதிப் பல்லாண்டு உழைத்தார் என்பது உண்மை. மொழியியலார் பெரும்பாலோர் அவருடைய முடிவை ஏற்கவில்லை என்பதும் உண்மை. முதல் உண்மையை மட்டும் மேடைப் பேச்சில் கேட்டுவிட்டு, இரண்டாவதைக் கேளாமல் கப்பலேறிய பிள்ளை, விருந்தினனாகச் சென்ற வீட்டில் பட்டா கேட்பவனைப் போல நடந்துகொள்கிறான். எதிரில் இருப்பவன் பணிவோடு தலையசைப்பான். ஜப்பானியர் வழக்கம் அது. அதை உடன்பாடு என்று எண்ணிக்கொண்டு இவன் ஊர் திரும்பி இன்னொரு மேடையில் பேசுவான்.

பெருமை பேசுவதே நோக்கமாயின் அதற்கும் மெய்யான செய்தி காலடியிலேயே இருக்கிறது. அவர்கள் நின்று பேசுவது கப்பல். மலாய்க்காரரும் இந்தோனேசியரும் அதனைக் 'காப்பால்' என்கின்றனர். கடை அவர்களுக்குக் 'கெடாய்'; கட்டில் 'காத்தில்'; பெட்டி 'பெத்தி'. மலாய் மொழிக்குத் தமிழ் தந்த சொற்கள் இவை. பழங்கால வாணிகத்தின் தடங்கள். இதைச் சொல்லிய கையோடு, மலாய் மொழியிடமிருந்து மலேசியத் தமிழர் பெற்றுக்கொண்டதையும் சொல்ல வேண்டும். 'கெத்தா' என்னும் மலாய்ச் சொல்தான் தோட்டத்து வாயில் 'கித்தா' ஆயிற்று. 'கம்போங்' என்பது 'கம்பம்' ஆயிற்று. 'பாசார்' பாசாராகவே நின்றது. கொடுத்ததையும் கொண்டதையும் சேர்த்துச் சொல்பவனிடம் இந்தோனேசியப் பிள்ளை தன் ஊர்ச் சொற்களையும் எடுத்து வைப்பான். கொடுத்ததை மட்டும் சொல்பவனிடம் எவனும் பேச்சை வளர்க்கமாட்டான். ரஜினிகாந்த் நடித்த 'முத்து' 1998இல் ஜப்பானில் திரையிடப்பட்டுப் பெரும் வரவேற்புப் பெற்றதனால், அப்பெயரைச் சொல்லித் தோழமை கொள்ள வரும் ஜப்பானியரும் உண்டு. நல்ல தொடக்கந்தான். முதல் ஐந்து நிமிடத்திற்கு அது போதும்.

ஆறாம் நிமிடத்தில் வரக்கூடிய கேள்வி, "இந்தியா எங்கோ இருக்கிறது; நீ எப்படி மலேசியன் ஆனாய்?" என்பது. இக்கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்த தமிழ்ப் பிள்ளை எத்தனை பேர்? தாத்தா கப்பலில் வந்தார் என்பதோடு பலர் நின்றுவிடுகின்றனர். எந்தக் கப்பல்? சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏற்றி, பினாங்கிலும் கிள்ளான் துறைமுகத்திலும் சிங்கப்பூரிலும் இறக்கிய ரஜூலாவைப் பற்றி அறிந்தவர் வீட்டில் இன்னும் இருக்கக்கூடும். ஆயிரக்கணக்கானோர் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, ஒருவர் சோற்றில் ஒருவர் கைவைத்து உண்டு வந்து சேர்ந்த கப்பல் அது. அந்தக் கப்பலின் பேரப்பிள்ளைதான் இன்று வேறொரு கப்பலில், குளிரூட்டிய அறையில் இருக்கிறான். இதைச் சொல்ல வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆயினும் வெட்கப்படுகின்றனர். லயத்து வீடு, பெரட்டுக் களம், பால் வாளி, கங்காணி ஆகிய சொற்களை மறைத்துவிட்டு, சோழர் கடாரம் கொண்ட கதைக்குத் தாவிவிடுகின்றனர். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய அரசனைச் சொன்னால் எதிரிலிருப்பவன் ஆமாம் என்பான். சொந்தப் பாட்டி விடியற்காலையில் மண்ணெண்ணெய் விளக்கோடு பால்மரம் சீவப் போனதைச் சொன்னால் அவனும் தன் பாட்டியைப் பற்றிச் சொல்வான். அவளும் ஒருவேளை விடியுமுன்னே வயலில் இறங்கியவளாக இருப்பாள்.

அவ்வாறு பேச்சு வளரும்பொழுது, தோட்டத்துக் கதை ஓரிடத்தில் ஜப்பானியக் கதையோடு முட்டுகிறது. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்திற்கு, 1942ஆம் ஆண்டின் நடுப்பகுதி தொடங்கி 1943 அக்டோபருக்குள், ஜப்பானிய இராணுவம் ஓர் இரயில் பாதை அமைத்தது. நேசநாட்டுப் போர்க் கைதிகள் ஏறத்தாழ அறுபதாயிரம் பேர் அதில் வேலை வாங்கப்பட்டனர். அவர்களுள் பன்னிரண்டாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரோ அவர்களினும் பல மடங்கினர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் முதலில் ஆசை வார்த்தையாலும் பின்னர் வலுக்கட்டாயத்தாலும் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். காலராவும் மலேரியாவும் வயிற்றுக் கடுப்பும் பசியும் அடியும் அவர்களைத் தின்றன. கஞ்சனாபுரியில் போர்க் கைதிகளின் கல்லறைகள் ஏறத்தாழ ஏழாயிரம், வரிசை வரிசையாக, புல் கத்தரித்து, பேணப்படுகின்றன. அறியப்பட்டவர்க்குப் பெயரும் படையணியும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. தமிழனுக்கு அப்படியொரு வரிசை இல்லை. எத்தனை பேர் இறந்தனர் என்னும் சரியான கணக்கும் இல்லை. திரும்பி வராத கணவனுக்குத் திதி எந்நாளில் கொடுப்பது என்று தெரியாமலே கிழவியான பெண்கள் தோட்டந்தோறும் இருந்தனர்.

இதனை மலேசியத் தமிழ் எழுத்தாளர் எழுதாமல் இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலும் அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' நாவலும் இருக்கின்றன. அவற்றைப் படித்த மாணவர் எத்தனை பேர் என்பதை ஒவ்வோர் ஆசிரியரும் தம் வகுப்பில் கேட்டுப் பார்க்கலாம். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த நாளைத் தமிழ் மாணவன் பிழையின்றிச் சொல்வான். பான் போங் என்றால் ஏதோ தின்பண்டத்தின் பெயர் என்று நினைப்பான்.

"நட்பு வளர்க்கும் பயணத்தில் இதையெல்லாம் பேசலாமா? விருந்து கொடுப்பவர் மனம் புண்படாதா?" என்று கேட்பார் உண்டு. நல்லெண்ணத்தோடு கேட்கப்படுவதால் இக்கேள்விக்கு விடை சொல்லத்தான் வேண்டும். இருபது வயது ஜப்பானியப் பிள்ளை அந்தப் பாதையைப் போடவில்லை. அவன் மீது குற்றம் சாட்டுவது அறியாமை. முதல்நாள் மேடையில் ஒலிபெருக்கியில் சொல்வதும் முறையன்று. ஆனால் பத்துநாள் ஓரறையில் உறங்கி, தைலம் தேய்த்து, பெயர்க்கதை பேசி, பாட்டியின் கதை கேட்டவனிடம், "என் பாட்டியின் தமையன் உங்கள் இராணுவம் போட்ட இரயில் பாதைக்குப் போய்த் திரும்பவில்லை" என்று சொல்லாமல் மறைத்தால், அவனை நண்பனாகக் கருதவில்லை என்றுதானே பொருள்? சுற்றுலாப் பயணியிடந்தான் இன்முகம் மட்டும் காட்டப்படும். சொன்னால் அவன் வாய்மூடி இருக்கலாம், வருந்தலாம், அறியாமல் இருந்தேனே என்று சொல்லலாம், தன் குடும்பத்திலும் அப்போரில் மாண்டவர் உண்டு என்று சொல்லலாம். எதுவாயினும் அது அவ்விருவர்க்கும் உரிய பேச்சு. வேறு யாரும் எழுதிக் கொடுத்த உரை அன்று. நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என்று ஐந்து அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்த வள்ளுவர், நட்பு என்பது முகம் மலர்ந்து சிரிப்பதோடு நின்றுவிடுவது என்று யாண்டும் சொல்லவில்லை. வகுப்பறையில் அந்த அதிகாரங்களை மனப்பாடம் செய்வித்து மதிப்பெண் இடும் ஆசிரியர்கள், வாழ்க்கையில் அவை பயன்படவேண்டிய இடம் வரும்பொழுது மாணவனுக்குப் புன்னகையை மட்டும் பயிற்றுவிப்பது முரண்பாடாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்; சிலர்க்கு இது கசக்கும். கப்பலேறும் மலேசியக் குழுவில் மலாய்க்காரர், சீனர், இந்தியர், சபா சரவாக் மக்கள் எல்லாரும் இருப்பர். தமிழ்ப் பிள்ளை அப்பயணத்தில் பெறும் முதல் அயலினத் தோழன் ஜப்பானியனாக இருக்க வேண்டும் என்பதில்லை. தன் நாட்டவனாகவே இருக்கலாம். ஈபான் இனத்துப் பெண்ணோடு முதன்முதலாகப் பேசுவதும், மலாய்த் தோழனோடு முதன்முதலாக ஒரே மேசையில் அமர்ந்து மூன்று வேளையும் உண்பதும் அக்கப்பலில் நிகழக்கூடும். மகிழத்தக்கதே. ஆனால் தோக்கியோவுக்குப் போகும் வழியில் பிறக்கும் அந்த நட்பு தெலுக் இந்தானில் ஏன் பிறக்கவில்லை? தோட்டத்தின் எல்லை வேலிக்கு அப்பால் கம்பம் இருந்தது. அங்கிருந்து தொழுகை அழைப்பும் இங்கிருந்து கோயில் மணியும் தலைமுறை தலைமுறையாக ஒன்றையொன்று கேட்டுக்கொண்டிருந்தன. நோன்புப் பெருநாளுக்குத் திறந்த வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்ததற்கு மேல், ஓர் இரவு அங்குத் தங்கியவர் யார்? கணியன் பூங்குன்றனாரைத் துணைக்கு அழைக்காத தமிழ்மேடை இல்லை. அவரை மேற்கோள் காட்டி அமர்ந்த பேச்சாளர், தம் அண்டை வீட்டுச் சீனருக்கு எத்தனை பிள்ளைகள் என்று சொல்லத் தடுமாறுவார்.

இதனைக் கேட்டவுடன், "பார்த்தீர்களா, தாய்மொழிப் பள்ளிகள் இருப்பதனால்தான் பிள்ளைகள் பிரிந்து கிடக்கின்றனர்" என்று சொல்ல ஒரு கூட்டம் காத்திருக்கிறது. அவர்கள் சொல்வது தவறு. அப்பள்ளிகள் அரசமைப்புக்கு முரணானவை அல்ல என்று 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் நீதிமன்றம் சட்டத்திற்கு மட்டுமே விடை சொல்ல முடியும். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளை பிறரோடு பழகத் தெரியாதவன் என்னும் பழிச்சொல்லுக்கு விடை சொல்ல வேண்டியவர்கள் வழக்கறிஞர்கள் அல்லர். தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் பேசி, மூன்று நாட்டாரிடையே மொழிபெயர்ப்பாளனாக நின்று, தன் வீட்டுக் கதையைத் தடுமாறாமல் சொல்லும் ஓர் இளைஞன் அக்கப்பலில் நடமாடினால் அவனே போதிய விடை. அத்தகையவனை உருவாக்கும் வாய்ப்பு தமிழ்ப்பள்ளிக்கு மற்றெந்தப் பள்ளியைக் காட்டிலும் மிகுதி; ஏனெனில் பாட்டியின் மொழி அங்குத்தான் பாடமொழியாக இருக்கிறது. அந்த வாய்ப்பை வைத்துக்கொண்டு, மாணவனை விழாக்களுக்கு வரவேற்பு நடனம் ஆடவும் மாலை ஏந்தி நிற்கவும் மட்டும் பழக்கினால், பழிச்சொல்லுக்குத் தமிழாசிரியரே துணை போகிறார் என்று சொல்ல வேண்டியிருக்கும். ஐந்தாம் ஆண்டு மாணவனிடம், "வீட்டில் உள்ள மூத்தவரிடம் கேட்டு, உன் குடும்பம் இவ்வூருக்கு வந்த கதையை எழுதி வா" என்று ஒரு கட்டுரை கொடுக்கப் பாடத்திட்டம் தடை சொல்லவில்லை. 'நான் ஒரு குடை பேசுகிறேன்' என்று எழுதச் சொல்வதற்குப் பதிலாக இதை எழுதச் சொன்னால், குடை கோபித்துக்கொள்ளாது.

போவதைப் பற்றி இவ்வளவும். வருவாரை ஏற்பது பற்றி யாரும் பேசுவதே இல்லை. பரிமாற்றம் என்றால் இரு வழியும் வேண்டுமன்றோ? மலேசியாவுக்கு வரும் ஜப்பானிய மாணவரும் பிற நாட்டு இளைஞரும் ஊர்க் குடும்பங்களில் தங்கிச் செல்லும் வழக்கம் நெடுநாளாக இருக்கிறது. பகாங்கில் தெமர்லோ வட்டாரத்திலும் சிலாங்கூரின் கம்பங்களிலும் எத்தனையோ மலாய்த் தாய்மார் அவர்களைத் தத்துப்பிள்ளையாக ஏற்று, கைலி உடுத்தி, கையால் உண்ணப் பழக்கி, பிரியும் நாளில் அழுது அனுப்பியிருக்கின்றனர். ஆண்டுகள் கழித்து அப்பிள்ளைகள் மனைவி மக்களோடு திரும்பி வந்து அந்தத் தாயைத் தேடுவதும் உண்டு. தமிழர் வீடுகளில் இவ்வாறு தங்கிச் சென்றவர் மிகச் சிலரே. இதில் அரசின் ஏற்பாட்டுக் குறையும் உண்டு, மறுப்பதற்கில்லை. கம்பங்கள் ஊராக நிலைத்திருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் சிதறினர். ஆனால் ஏற்பாட்டாளர் கேட்டு வந்த இடத்திலும் தமிழ்க் குடும்பங்கள் பின்வாங்குகின்றன. காரணம் கேட்டால், "வீடு சிறியது ஐயா, அவர்களுக்கு ஏற்ற கட்டில் இல்லை, எங்கள் சாப்பாடு காரம், என்ன பேசுவது என்றும் தெரியாது" என்பர். விருந்தோம்பலை இல்லறத்தின் இலக்கணமாகக் கொண்ட இனத்தாரின் விடை இது.

ஆசிரியர் குடும்பங்களே இதில் முதலடி வைக்கலாம். ஆசிரியர் வீட்டில் பேச மொழி உண்டு. காட்டப் புத்தகம் உண்டு. பெரும்பாலும் வீட்டோடு ஒரு பாட்டியும் இருப்பார். காரத்தைக் குறைத்துக்கொள்ளலாம், குறைக்காவிட்டாலும் தயிர் இருக்கிறது. கட்டிலைப் பற்றிய கவலைதான் மிகவும் வேண்டாதது. ஜப்பானியர் வீடுகளில் புல்லால் நெய்த பாய் பரப்பிய தரையில் மெல்லிய மெத்தையை இரவில் விரித்து, காலையில் மடித்து அலமாரியில் வைப்பது பழைய வழக்கம். வரும் பிள்ளைக்குக் கோரைப்பாயை உதறி விரித்துக் கொடுத்தால், அவன் தன் பாட்டி வீட்டுக்கு வந்துவிட்டதாக எண்ணி உறங்கிப் போவான். காலையில் அதை எப்படிச் சுருட்டி மூலையில் நிறுத்துவது என்று மட்டும் வீட்டுப் பிள்ளை அவனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கும்.